ஹொட் டப்பை நாமே பராமரிப்பது: ஸ்காபரோப் பின்வளவிலிருந்து சில குறிப்புகள்

2012 இல் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கியபோது பின்வளவில் ஒரு ஹொட் டப்பும், அதாவது பம்பால் சுடுதண்ணீரைச் சுழலவிட்டு உள்ளே இருந்து குளிக்கும் தொட்டியும், சேர்ந்து வந்தது. முன்பிருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை அகற்றிவிட்டுக் கத்தரிக்கன்று நடலாம் என்றுதான் முதலில் யோசித்தோம். அம்மாவின் முழங்கால்தான் அந்த யோசனையை மாற்றியது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு, குளிர் தொடங்கினால் படியேறவே கஷ்டப்படுவார். ஒரு மாலை அந்தத் தொட்டியில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, என் தோளைப் பிடிக்காமல் தானே வீட்டுக்குள் நடந்து வந்தார். அன்றிலிருந்து அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

இந்தத் தொட்டிகள் பிறந்ததே மூட்டு நோவில் இருந்துதான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். ஜகூசி சகோதரர்கள் இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து தண்ணீர்ப் பம்ப் தயாரித்தவர்கள். அவர்களில் ஒருவரான கான்டிடோ ஜகூசியின் மகனுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். அந்தப் பிள்ளைக்காக, வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கக்கூடிய ஒரு பம்பை உருவாக்கினார்கள். 1956 இல் அது விற்பனைக்கு வந்தது. தொட்டியையும், தண்ணீரைப் பீச்சியடிக்கும் வாயான ஜெட்டையும் ஒன்றாகச் சேர்த்தது 1968 இல், அதே குடும்பத்து ரோய் ஜகூசி.

பத்து வருடத்துக்கு மேலாகக் கழற்றியும் பூட்டியும் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. நாம் "மெஷின் பழுது" என்று நினைப்பதில் பெரும்பகுதி தண்ணீரில் தொடங்குகிறது. தண்ணீர் கெட்டால் ஃபில்டர் அடைக்கும். ஃபில்டர் அடைத்தால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் ஹீற்றர் நின்றுவிடும். நாங்கள் ஹீற்றர் போய்விட்டது என்று திருத்துபவரைக் கூப்பிடுவோம். எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் வருடம் வந்த ஒருவர் மூடியைக்கூடத் திறக்காமல், ஹீற்றர் மாற்ற வேண்டும், அறுநூறு டொலர் வரும் என்றார். அடுத்த நாள் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். அதே ஹீற்றர் பிறகு ஐந்து வருடம் வேலை செய்தது.

ஆகவே முதலில் தண்ணீர் போகும் வழியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ஹீற்றர், ஹீற்றரிலிருந்து ஜெட் வழியாகத் திரும்பவும் தொட்டி. எந்தப் பழுது வந்தாலும் இந்த வரிசையிலேயே தேடுங்கள்.

தண்ணீர்

என் தொட்டி 1500 லீற்றர். கீழே சொல்லும் அளவெல்லாம் அதற்கானது. உங்களுடையது 1000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள்.

கிருமிநாசினிக்குக் குளோரீன் அல்லது புரோமின், இரண்டில் ஒன்று. நான் குளோரீன். அளவு எப்போதும் 3 பிபிஎம்முக்குக் கீழே போகக்கூடாது. பிபிஎம் என்பது தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோமின் என்றால் 4. பிஎச், அதாவது தண்ணீரின் அமில கார அளவு, 7.2 இலிருந்து 7.8 வரை இருக்கலாம், 7.5 ஐ ஒட்டி வைத்தால் கண்ணும் எரியாது, ஹீற்றரிலும் சுண்ணாம்பு படியாது.

நீச்சல் குளத்துக்கு உள்ள அறிவை இங்கே கொண்டுவந்து வைத்தால் சரிவராது. குளம் பெரிது, தண்ணீர் குளிர். இங்கே 1500 லீற்றரில் நான்கு பேர் இறங்குகிறோம், அதுவும் 39 பாகையில். அந்தச் சூட்டில் குளோரீன் வேகமாகச் செலவாகும், கிருமிக்கோ அது தோதான சூடு. குளோரீன் இறங்கிய தொட்டியில் குளித்தால் ஓரிரு நாளில் உடுப்பு மூடியிருந்த இடத்தில் சிவப்பாகப் பருப் பருவாக எழும்பும். சூடோமோனாஸ் என்ற பக்டீரியாவின் வேலை அது. லெஜியனெல்லா என்பது இன்னும் மோசம், நீராவித் துளியோடு நுரையீரலுக்குள் போகும். வயதானவர்களுக்கு ஆபத்து. அம்மாவை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு நாளும் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பது எனக்கு அதனால்தான் வழக்கமானது.

அதற்கு முன்னரே அம்மாவின் கால் ஒன்றைச் சொல்லித் தந்தது. ஒரு நாள் இறங்கியவர், "தம்பி, சுவர் வழுவழுப்பாக் கிடக்குது" என்றார். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. சோதித்தால் குளோரீன் பூச்சியம். தெளிவான தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே விரலால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால், குழாய்க்குள்ளும் அதே கிருமிப் படலம் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

குளோரீனை எந்த வடிவத்தில் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். குளத்தில் மிதக்கவிடும் பெரிய குளிசைகள், ட்ரைக்குளோர் என்பவை, இங்கே வேண்டவே வேண்டாம். அவை கடும் அமிலத்தன்மை உள்ளவை, தொட்டியின் அக்ரிலிக் உடம்பையும் ஹீற்றரையும் அரித்துவிடும். ஹொட் டப்புக்கு விற்பது டைக்குளோர் தூள். ஒரு மட்டத் தேக்கரண்டி சுமார் 5 கிராம், அது என் தொட்டியில் குளோரீனை ஏறக்குறைய 2 பிபிஎம் உயர்த்தும். ஆனால் டைக்குளோர் போடும் ஒவ்வொரு முறையும் சயனூரிக் அமிலமும் கூடவே சேரும், குளோரீன் 10 கூடினால் அது 9 கூடும். குளோரீன் செலவாகிப் போகும், அது போகாது. மாதக் கணக்கில் சேர்ந்தால் தாளில் குளோரீன் 4 என்று காட்டும், கிருமியோ உயிரோடு இருக்கும், ஏனென்றால் அந்த அமிலம் குளோரீனைப் பிடித்து வைத்திருக்கும்.

அதற்கு நான் செய்வது இதுதான். புதுத் தண்ணீர் விட்டதும் சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் வரும் வரை, ஒரு கிழமை பத்து நாள், டைக்குளோர். பிறகு வாசனையும் நுரையும் சேர்க்காத வெறும் ப்ளீச். 6 சதவீத ப்ளீச் 25 மில்லிலீற்றர் என் தொட்டியில் 1 பிபிஎம் உயர்த்தும். குளித்து முடிந்த உடனே போட வேண்டும், அடுத்த நாள் என்று தள்ளிப்போடக்கூடாது. நாங்கள் மூன்று பேர் அரை மணி நேரம் இருந்தால் 200 மில்லிலீற்றர் ஊற்றுவேன், காலையில் பார்த்தால் 3 அல்லது 4 மிச்சம் இருக்கும். போட்ட பிறகு ஜெட்டை ஓடவிட்டு இருபது நிமிடம் மூடியைத் திறந்தே வையுங்கள். உடனே மூடினால் எழும்பும் ஆவி மூடியின் அடிப்பக்கத்தையும் தொட்டியில் தலை சாய்க்கும் தலையணையையும் தின்றுவிடும்.

பிஎச் ஏறிக்கொண்டே போகிறது என்பது எல்லோருடைய முறைப்பாடும். ஜெட் காற்றை அடித்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் வருவது அது. காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் சக்தி, கூடியிருந்தால் இன்னும் வேகமாக ஏறும். பொதிகளில் காரத்தன்மை 80 இலிருந்து 120 பிபிஎம் என்று போட்டிருப்பார்கள். ப்ளீச் பாவிப்பவர்கள் 50, 60 இல் வைத்தால் பிஎச் அலைபாயாமல் நிற்கும் என்பது என் அனுபவம். காரத்தன்மையை ஏற்ற வேண்டுமானால் கடையில் விற்கும் விலைகூடிய போத்தல் தேவையில்லை, சமையலறை அப்பச்சோடா போதும். 25 கிராம் போட்டால் 10 கூடும். பிஎச்சை இறக்க உலர் அமிலத் தூள் வாங்கத்தான் வேண்டும். அமிலத்தையும் ப்ளீச்சையும் ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. ரொறன்ரோக் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், நடுத்தரக் கடினம். அதனால் கல்சியம் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

ஃபில்டரும் தலை எண்ணெயும்

நம் வீடுகளுக்கென்று ஒரு தொல்லை உண்டு, அது எந்தக் கையேட்டிலும் இராது. தேங்காய் எண்ணெய். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய். முழங்காலுக்குத் தைலம். இவை எல்லாம் சூடான தண்ணீரில் இறங்கினால் நீர்மட்டத்தில் ஒரு மஞ்சள் வளையம் கட்டும், ஜெட் போட்டதும் நுரை பொங்கும், மிச்சம் போய்ச் சேரும் இடம் ஃபில்டர். ஃபில்டரின் மடிப்புகளில் எண்ணெய் படிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் போகாது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. எண்ணெய் வைத்த நாளில் தொட்டி இல்லை. மற்ற நாளில், இறங்கும் முன் வீட்டுக்குள் உடம்பை அலசிவிட்டு வர வேண்டும். நீச்சல் உடுப்பைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தோய்க்கக்கூடாது, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். தூளின் மிச்சம்தான் பாதி நுரைக்குக் காரணம். அம்மா தைலத்தைக் குளித்துவிட்டு வந்த பிறகு பூசிக்கொள்வார், அதுதான் நன்றாக இறங்குகிறது என்றும் சொல்வார்.

ஃபில்டரைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றித் தோட்டக் குழாயால், மடிப்பு மடிப்பாக, மேலிருந்து கீழே கழுவுங்கள். அழுத்தமாக அடிக்கும் பிரஷர் வாஷர் வேண்டாம், துணி கிழியும். மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் கழுவும் மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் வாளித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், எண்ணெய் மேலே கண்ணாய் மிதக்கும். நன்றாக அலசிக் காயவிட்டுப் பிறகு பூட்டுங்கள். இதற்காக இரண்டு ஃபில்டர் வைத்திருப்பது நல்லது, ஒன்று ஊறும்போது மற்றது ஓடும். ஒன்றரை வருடத்துக்கு மேல் எந்த ஃபில்டரையும் நான் வைத்திருப்பதில்லை.

தண்ணீர் மாற்றுவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடிக்கடி குளிப்பவர்கள் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். வெறுமனே திறந்துவிட்டு நிரப்பினால் குழாய்க்குள் இருக்கும் படலம் அங்கேயே இருக்கும், புதுத் தண்ணீரும் இரண்டு கிழமையில் கெட்டுவிடும். ஆகவே வெளியேற்றுவதற்கு முன் குழாய் கழுவும் ஜெல் ஒன்றைப் போட்டு, ஃபில்டரை எடுத்துவிட்டு, எல்லா ஜெட்டையும் திறந்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் தடவை நான் செய்தபோது, பத்து நிமிடத்தில் ஜெட் வாய்களிலிருந்து மண்ணிறத்தில் துண்டு துண்டாக ஏதோ வந்தது. ஆறிய கஞ்சியில் படியும் ஆடையைக் கிழித்தால் எப்படி இருக்கும், அப்படி. நுரையோடு சேர்ந்து சுவரில் ஒட்டியது. முன்பிருந்தவர்கள் காலத்திலிருந்து சேர்ந்தது அது. மூன்று தடவை திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் நுரை வெள்ளையாக வந்தது. பழைய தொட்டி வாங்கியவர்கள் வேறு எதற்கும் முன் இதைச் செய்யுங்கள்.

திறந்துவிடும் முன் பிரேக்கரை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஹீற்றர் ஒரு நிமிடம் எரிந்தாலும் அவ்வளவுதான். தண்ணீரைத் தெருவோர மழைநீர்க் கானுக்குள் விடக்கூடாது. எங்கள் பக்கத்துக் கான்கள் ஹைலன்ட் கிறீக் என்ற ஓடைக்குப் போகின்றன, அங்கிருந்து ஏரிக்கு. குளோரீன் மீனைக் கொல்லும். நான்கைந்து நாள் முன்னரே குளோரீன் போடுவதை நிறுத்தி, ஒருவரும் இறங்காமல் வைத்து, தாள் பூச்சியம் காட்டிய பிறகு என் புல்லுக்கு மெதுவாக விடுவேன். முடியாதவர்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கு விடலாம். உங்கள் நகரத்தின் விதியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரப்பும்போது குழாயைத் தொட்டிக்குள் போடாமல் ஃபில்டர் இருக்கும் குழிக்குள் இறக்குங்கள். தண்ணீர் பம்ப் பக்கமிருந்து ஏறிக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு சூடாகும் வரை பொறுமை வேண்டும். 1500 லீற்றரை ஒரு பாகை ஏற்ற 1.75 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். குழாய்த் தண்ணீர் 8 பாகையில் வந்தால் 38 க்கு ஏற்ற 52 கிலோவாட் மணி. 5.5 கிலோவாட் ஹீற்றருக்கு அது பத்து மணி நேர வேலை, குளிர் நாளில் இன்னும் கூட. இதைத் தெரியாமல் "சூடாகுதில்லை" என்று நாலு மணி நேரத்தில் திருத்துபவருக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் இரவு 11 இலிருந்து காலை 7 வரை குறைந்த கட்டணத் திட்டம் எடுத்திருந்தால் இரவிலேயே தொடங்குங்கள்.

பழுது வந்தால்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது 240 வோல்ட், பெரும்பாலும் 50 அம்பியர், பக்கத்திலேயே தண்ணீர். எனக்கு இதைப் பழக்கிய மின்வேலைக்கார அண்ணை ஒருவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, பிரேக்கரை நிப்பாட்டு. நிப்பாட்டினாப் பிறகும் மீற்றரை வைச்சுப் பார். ரெண்டும் செய்யாமல் உள்ளுக்கை கை வைக்காதை." நான் இன்றும் அப்படியே செய்கிறேன். புதிதாக வயர் இழுப்பது, பிரேக்கர் மாற்றுவது போன்றவற்றை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். ஒன்ராறியோவில் அதற்கு அனுமதியும் பரிசோதனையும் வேண்டும்.

திரையில் "எஃப்எல்ஓ" போல ஓட்டம் சம்பந்தமான எழுத்து வந்தால், எழுத்து தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், முதலில் நீர்மட்டம் பாருங்கள். பிறகு ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். எழுத்து மறைந்தால் குற்றம் ஃபில்டரில். மறையாவிட்டால் உறிஞ்சும் வாயில் இலை, தலைமயிர், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஏதும் அடைத்திருக்கிறதா, வால்வு பாதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். "ஓஎச்" என்றால் சூடு கூடிவிட்டது. கோடையில் மூடி போட்டபடி பம்ப் அதிக நேரம் ஓடினாலே அது வரும். மூடியைத் திறந்து ஆறவிட்டு, வடிகட்டும் நேரத்தைக் குறையுங்கள்.

தண்ணீர் மாற்றிய உடனே பம்ப் சத்தம் கேட்கிறது, ஜெட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் பம்புக்குள் காற்று சிக்கியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. பிரேக்கரை நிறுத்தி, பம்பின் மேல்பக்கக் குழாய் சேரும் பெரிய பிளாஸ்டிக் மூட்டைக் கையால் கால் திருப்பு தளர்த்துங்கள். சீறிக்கொண்டு காற்று வரும். சீறல் நின்று தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால் மூட்டு வெடிக்கும், கைப்பலமே போதும்.

பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் அதைத் திட்டாதீர்கள். ஜிஎப்சிஐ பிரேக்கர், போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 5 மில்லியம்பியர் அளவு வித்தியாசம் வந்தாலே விழும்படி செய்யப்பட்டது. எங்கோ மின்சாரம் கசிகிறது, அது உங்கள் பிள்ளை மேல் போகாமல் தடுத்திருக்கிறது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, பிரேக்கரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, வயர் நுனியை மூடி, திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் முதலில் ஹீற்றர், அடுத்தது கிருமி கொல்ல ஓசோன் வாயு விடும் ஓசோன் பெட்டி, பிறகு பம்ப் என்று போவேன். எதைக் கழற்றியதும் விழாமல் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. எங்கள் வீட்டில் ஒருமுறை அது ஓசோன் பெட்டி. உள்ளே தண்ணீர் போயிருந்தது. கழற்றி எறிந்தேன், குளோரீனை ஒழுங்காகப் போடுபவருக்கு அது இல்லாமலும் சரிவரும்.

ஹீற்றரைச் சோதிக்க மல்ரிமீற்றர் போதும். பிரேக்கர் நிறுத்தி, ஹீற்றரின் இரண்டு இணைப்பையும் கழற்றி, இரண்டு முனைக்கும் இடையில் ஓம் அளவு பாருங்கள். 240 வோல்ட், 5.5 கிலோவாட் ஹீற்றர் பத்தரை ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பிறகு ஒரு முனைக்கும் ஹீற்றரின் உலோகக் குழாய்க்கும் இடையில் பாருங்கள். அங்கே எந்த அளவும் காட்டக்கூடாது, காட்டினால் கசிவு. மாற்றும்போது பழையதன் நீளத்தையும் வாட்டையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய றப்பர் வளையங்களைத் திரும்பப் போடாதீர்கள். புது வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் தடவுங்கள். வஸ்லீன் வேண்டாம், அது பெற்றோலியம், றப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும்.

பம்பின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகி, காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், தண்டைச் சுற்றியுள்ள சீல் போய்விட்டது. இருபது முப்பது டொலர் பொருள்தான். கவனிக்காமல் விட்டால் தண்ணீர் மோட்டரின் பேரிங்கில் இறங்கும், பம்ப் கீச்சிடும், பிறகு முழு பம்பும் மாற்ற வேண்டிவரும். சீல் இரண்டு பகுதி. ஒன்றின் முகம் செராமிக், மற்றது கரி. அந்த இரண்டு முகமும் கண்ணாடி போல ஒன்றின்மேல் ஒன்று உராய வேண்டும். விரல் படக்கூடாது, விரலின் எண்ணெய்கூட ஒழுக்குக்குக் காரணமாகும். முகத்துக்குக் கிறீஸும் வேண்டாம், சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பொருத்துங்கள். எனக்கு முதல் சீல் பொருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது ஒரு மணி நேரம். பம்ப் முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் போய்விட்டது. அது பிரேக்கர் நிறுத்திய பிறகும் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும், பழக்கமில்லாதவர்கள் தொடாதீர்கள்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், நீர்மட்டத்தில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுப் பம்பை நிறுத்தி வையுங்கள். மட்டம் எங்கே வந்து இறங்காமல் நிற்கிறதோ, அந்த உயரத்தில் இருக்கும் ஜெட்டையோ மூட்டையோ பாருங்கள். உணவு நிறம் இரண்டு சொட்டை அந்த ஜெட்டின் பக்கத்தில் மெதுவாக விட்டால், ஒழுக்கு இருக்கும் பக்கம் நிறம் இழுபட்டுப் போவதைக் கண்ணால் காணலாம்.

மூடி, குளிர், கரண்ட் இல்லாத நாள்

மூடிதான் மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழிந்தால் நீராவி உள்ளே போய்ப் பஞ்சு தண்ணீர் குடிக்கும். அம்மாவுக்கு உதவியாக நான் ஒரு கையால் திறக்கும் மூடி, ஒரு குளிர்காலத்தில் இரண்டு பேர் தூக்கும் பாரமாகிவிட்டது. அப்படியானால் மாற்றுங்கள், வெயிலில் காயவைத்தெல்லாம் அது திரும்பாது. ஸ்னோவை மென்மையான தும்புத்தடியால் தள்ளுங்கள், சவள் போட்டால் வினைல் வெட்டுப்படும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியின் பட்டிகள் நாலையும் பூட்டாமல் ஒருபோதும் உள்ளே வராதீர்கள். சூடு 40 பாகைக்கு மேல் வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இறக்காதீர்கள், கர்ப்பிணிகளும் இருதய நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேட்ட பிறகுதான்.

2013 டிசம்பர் 22 ஆம் திகதி ரொறன்ரோவில் ஐஸ் மழை பெய்து மரமெல்லாம் மின்கம்பியில் சாய்ந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பம்ப் ஓடாவிட்டாலும் தொட்டி நடுவில் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் உறையாது, அது பெரிய அளவு. முதலில் உறைவது பக்கப் பெட்டிக்குள் பம்பிலும் மெல்லிய குழாய்களிலும் நிற்கும் கொஞ்சத் தண்ணீர். உறைந்தால் பம்பின் உடம்பு வெடிக்கும். எங்களிடம் காஸ் அடுப்பு இருந்தது, தீக்குச்சியால் மூட்டினோம். அம்மா குசினியில் நின்று பானை பானையாகத் தண்ணீர் சூடாக்கித் தந்தார். நான் அதைப் பிளாஸ்டிக் கான்களில் அடைத்து, துவாய் சுற்றி, பக்கப் பலகையைக் கழற்றிப் பம்புக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம், இரவிலும். தொட்டி மூடியை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது திரை 27 பாகை காட்டியது. பம்ப் முதல் சுற்றிலேயே ஓடியது.

உங்கள் தொட்டி மட்டும் நின்று, வீட்டில் கரண்ட் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். 60 வாட் பழைய குண்டு பல்ப் ஒன்றைக் கம்பிக்கூட்டுக்குள் வைத்து, பஞ்சிலும் வயரிலும் படாமல் பக்கப் பெட்டிக்குள் தொங்கவிட்டால் ஓரிரு இரவு தாங்கும். அதற்குள் திருத்த முடியாது என்று தெரிந்தால் குளிரில் காத்திருக்க வேண்டாம், தண்ணீரை முழுக்க இறக்கி, தண்ணீரும் உறிஞ்சக்கூடிய பெரிய வக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை ஒவ்வொரு ஜெட்டிலும் வைத்துக் குழாய்த் தண்ணீரை ஊதி வெளியேற்றுங்கள். பம்பின் அடிப்பக்க அடைப்பானையும் மூட்டுகளையும் திறந்து விடுங்கள், அங்கேதான் ஒரு கோப்பைத் தண்ணீர் ஒளிந்திருக்கும்.